மஞ்சள் சாய்வெழுத்து

மஞ்சள். முதலில் மஞ்சள் மட்டும்தான் தெரிகிறது, பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிகிறது, அதற்கும் பிறகுதான் அது எழுத்து என்பது. ஈரோடு பேருந்து நிலையத்தில் தூணோரம் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்தின் கூச்சம் இன்னும் இறங்கவில்லை, வெயில் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பாக அப்பியிருக்கிறது, அதன் நடுவே அந்தக் கறை. எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் போய் உட்காரும் கறை. முகத்தைப் பார்த்தால் முகத்தில், கடிகாரத்தைப் பார்த்தால் கடிகாரத்தில். முழு இருட்டு வராதுங்கம்மா, நடுவு மட்டுந்தான் போவும், ஓரம் இருக்கும் என்றார் டாக்டர், ஏதோ தோட்டத்தில் நடுப்பாத்தி காய்ந்துவிட்டது என்று சொல்வது போல. ஓரம் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பி, கோபித்துக்கொண்டவள் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்தால், கறையின் விளிம்புக்கு வெளியே ஆட்கள் நகர்கிறார்கள், வாழைப்பழத் தள்ளுவண்டி நிற்கிறது, பேருந்துகளின் நெற்றி தெரிகிறது. பூங்குயில் வர வேண்டும். காலையில் கவுந்தப்பாடியிலிருந்து வந்ததும் பூங்குயிலில்தான், கோபி வரைக்கும் போகிற வண்டி. முன் கண்ணாடி முழுக்க அகலமாக மஞ்சள் எழுத்து, தடித்து, உருண்டு, வலப்பக்கம் சாய்ந்து. அதை நான் படிப்பதில்லை. நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பது போல, அந்தச் சாய்வை வைத்து வண்டியை அடையாளம் காண்கிறேன். யாரையாவது கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள், இந்தப் பக்கத்து ஜனங்கள் கையைப் பிடித்து ஏற்றியே விடுவார்கள். ஆனால் கேட்டால் பந்தயத்தில் பாதி போயிற்று என்று எனக்கே ஒரு கணக்கு. நித்திலா போட்ட பந்தயம். ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள், தினமும் போனில் அதே பேச்சு. போன வாரம் சலித்துப்போய்ச் சொன்னாள், "இந்த ஒரு தடவை ஆரு துணையும் இல்லாம நீயே ஈரோடு போயி கண்ணக் காட்டிட்டு வூட்டுக்கு வந்துரும்மா. வந்துட்டீன்னா அங்கயே இரு, நா வாயத் தொறக்க மாட்டேன். முடியலீன்னா வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரோணும்." பந்தயமா என்றேன். பந்தயந்தான் என்றாள். சிறுமியாக இருந்தபோது பல்லாங்குழியில் தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கிற அதே குரல். பாதிப் பந்தயம் முடிந்துவிட்டது, ஊருக்குத் திரும்புவதுதான் பாக்கி. இதோ மஞ்சள். கோபி கோபி கோபி என்று பக்கத்தில் ஒரு குரல், பழனி என்று ஒன்று, ஒலிபெருக்கியில் யாரோ தொலைந்த பையைப் பற்றிப் பேசுகிறார்கள், எல்லாக் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மஞ்சள் அருகில் வந்து நிற்கிறது, தடித்த முதல் எழுத்தின் வயிறு வெயிலில் மினுங்குகிறது, ஆயுதபூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று முகப்பில் காய்ந்து தொங்குகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏறிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

முகூர்த்த நாள் போல, வண்டி நிறையப் பட்டுச் சரசரப்பு, மல்லிகை, வியர்வை, தாம்பூலப் பையின் கயிறு யாருடைய வளையலிலோ மாட்டிக்கொண்டு இழுபடுகிறது. முன்பக்கம் ஒரு சன்னலோரம் கிடைத்தது. பின்னால் இரண்டு பெண்களின் சண்டை, "தள்ளி உக்காருங்கக்கா, சீட்டு என்ன உங்கப்பன் வூட்டுதுங்களா?" "எங்கப்பன் வூட்டுதா இருந்தா உன்னய ஏத்தியே இருக்க மாட்டேன் போ." வண்டியே சிரித்தது, கேட்டவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக, எந்த முகம் யாருடையது என்று தெரியாமல் சிரிக்கிறவர்கள் சிரிப்பது போல. நடத்துநர் பின்வாசலில் நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டு டிக்கெட் டிக்கெட் என்கிறார், இங்கே வர நேரமாகும், வரட்டும். வண்டி கிளம்பியதும் மனசு இளகிவிட்டது. சன்னல் வழியே கடைப் பலகைகள் ஓடுகின்றன, அவற்றில் இந்த எழுத்து மட்டும் என்னிடம் பேசுகிறது. மெல்லிய எழுத்துகள்தான் முதலில் என்னை விட்டுப் போயின. செய்தித்தாள், பிறகு பஞ்சாங்கம், மருந்துச் சீட்டு, பிறகு அலமாரியில் இருக்கும் என் புத்தகங்கள். கல்லூரியில் தமிழ் படித்த நாளிலிருந்து சேர்த்தவை. இப்போது திறந்தால் பக்கமெல்லாம் சாம்பல் தூவிய வரிகள், ஊதினால் பறந்துவிடும் போல. ஒரு நாள் உண்மையிலேயே ஊதிப் பார்த்தேன். எல்லாம் போன பிறகு மிச்சம் நின்றது இந்தத் தடித்த எழுத்து. ஒவ்வொன்றும் குழிச்சட்டியில் உப்பி வந்த பணியாரம். கொம்பு வளைந்து யானைக்குட்டியின் துதிக்கை போல நிற்கும், காலின் அடி உருண்டிருக்கும், புள்ளி கூட நெல்லிக்காய் அளவு. எங்கேயும் முனை கிடையாது, எதுவும் குத்தாது, கைக்குழந்தையிடம் விளையாடக் கொடுக்கலாம். எல்லாம் முன்பக்கம் சாய்ந்து, வாசலில் நிற்கிறவரைப் பார்த்து வாங்க வாங்க என்று குனிகிற மாதிரி. ஐஸ்கிரீம் என்று குனிகிறது. செல்போன் பழுது பார்க்கப்படும் என்று குனிகிறது. மழலையர் பள்ளி, பல் ஆஸ்பத்திரி, நகை அடகு, எல்லாவற்றுக்கும் அதே குனிவு, அதே இனிப்பு. எழுத்துக்குக் குரல் உண்டு என்று எனக்கு எப்போதும் தோன்றும். கல்லூரி நூலகத்தில் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும்போது அந்த மெல்லிய எழுத்துகள் தொண்டை செருமாமல், தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசும். துக்கத்தைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திப் பேசும். இந்தத் தடித்த எழுத்துக்கு ஒரே குரல்தான். அது எதைச் சொன்னாலும் விருந்துக்குக் கூப்பிடுவது போலவே இருக்கும். என் வீட்டுக்காரர் போனபோதும் அப்படித்தான்.

அவர் போனபோது. மண்டிக்காரர்கள் சேர்ந்து தெருமுனையில் பேனர் வைத்தார்கள், கண்ணீர் அஞ்சலி என்று நீலத்தில் மஞ்சளாக, தடியாக, நிழல் போட்டுச் சாய்ந்து. கீழே வெல்லமண்டி அர்த்தநாரி என்று அவர் பெயர், அதுவும் சாய்ந்து, பக்கத்தில் அவர் படம், சட்டைப்பையில் பேனாவோடு. புதுக்கடை திறக்கிறவர் போல இருந்தார். நித்திலாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "இதென்னம்மா இது, பொறந்த நாளுக்கு அடிக்கற எழுத்துல அடிச்சு வெச்சிருக்காங்க, கழட்டச் சொல்லு" என்று அழுதாள். அவளை உள்ளே அழைத்துப் போனேன். கழற்றச் சொல்லவில்லை. அவளிடம் ஏன் என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கண்ணின் நிலை அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெருவில் அன்று எனக்குப் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். கிடத்தியிருந்தவரின் முகத்தை நேராகப் பார்த்தேன், கறை போய் அவர் முகத்தில் உட்கார்ந்துகொண்டது, எத்தனை திருப்பியும் மூக்கு வந்தால் கண் வரவில்லை, கண் வந்தால் வாய் வரவில்லை. வெளியே வந்து நின்றேன், தெருமுனையில் அவர் பெயர் பளிச்சென்று, ஒவ்வொரு எழுத்தும் முழுதாக, கொழுகொழுவென்று. அதைத்தான் பார்த்து அழுதேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் முகம் வருவதில்லை, அந்தப் பெயர்தான் வருகிறது, ஏதோ நல்ல செய்தி கொண்டு வருகிறவர் போலச் சாய்ந்து. கடைசியில் எனக்கென்று மிஞ்சப் போவதும் இந்த எழுத்துதான். எவ்வளவோ படித்தவளுக்குக் கடைசியாகப் படிக்கக் கிடைப்பது சில்லென்று ஒரு ரோஸ்மில்க் என்கிற கடைப்பலகை. சிரிப்பு வருகிறது. சிரிக்கிற மாதிரிதான் அதுவும் இருக்கிறது, எனவே சரிதான்.

பெங்களூர். அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தேன். மாப்பிள்ளை நல்லவர், தமிழ் வராது, ஆன்ட்டி என்று கூப்பிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். நித்திலா வேலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, டப்பாக்களில் இதே தடித்த எழுத்தில் உப்பு, சர்க்கரை என்று அச்சடித்து ஒட்டிவிட்டுப் போவாள். ஒரு நாள் கீழே நடந்துவிட்டு லிஃப்டில் ஏறி, வேறு மாடியில் இறங்கி, எங்கள் வீடு என்று நினைத்து அடுத்தவர் மணியை அடித்தேன். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி மிதியடி. ஒரு சின்னப் பெண் திறந்தாள், கன்னடத்தில் ஏதோ கேட்டாள், பிறகு கையைப் பிடித்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அத்தனை அன்பாக விட்டாள். அன்று மாலை அவளும் நித்திலாவும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது, நூலகத்து எழுத்து போலத் தாழ்ந்த குரல், ஆனால் எனக்காக இல்லை, என்னைப் பற்றி. என்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வாள். அதுதான் பயம். நன்றாக வைத்துக்கொள்ளப்படுவது. எடுத்த இடத்தில் வைக்கப்படுவது. கவுந்தப்பாடி வீட்டில் எனக்கு நடுக்கண் வேண்டியதில்லை. நிலைப்படியின் தேய்ந்த பள்ளம் காலுக்குத் தெரியும், குழாயடியின் பாசி தெரியும், பாகு காய்கிற வாசனை எந்தப் பக்கம் வருகிறதோ அதை வைத்துக் காற்று எங்கிருந்து என்று சொல்வேன், சர்க்கரை மூட்டை ஏற்றும் லாரி திரும்பினால் மணி என்ன என்று தெரியும். பின்வீட்டுச் சிவகாமி ரசத்துக்குத் தாளித்தால் அதில் பெருங்காயம் போட மறந்ததை இங்கிருந்து சொல்வேன், அவள் திட்டுவாள், "கண்ணு தெரியலீன்னு ஊர ஏமாத்தற பொம்பள" என்று. அங்கே நான் ஏமாற்றுகிற அளவுக்குக் கெட்டிக்காரி. அங்கே நான் ஒரு ஆள். இன்றைக்கு வீட்டுக்குள் போனதும் நானே அவளைக் கூப்பிட வேண்டும், நித்திலா, வந்துட்டேன் என்று, பெருமையாகச் சொல்லக் கூடாது, சும்மா தண்ணீர் குடித்தேன் என்பது போலச் சொல்ல வேண்டும். மேம்பாலத்தின் நிழல் ஒன்று வண்டிக்குள் புகுந்து போயிற்று, குளிர்ச்சியாக. சித்தோடு. சித்தோட்டில் வண்டி கொஞ்சம் நின்று மூச்சு வாங்குமே, இன்று நிற்கவில்லை. கூட்டம் அதிகம், இறங்குகிறவர் யாருமில்லை போல. இருக்கலாம். அடுத்து இரண்டு பக்கமும் கரும்பு வரும், கரும்பு வந்தால் காற்றில் ஒரு உரசல் இருக்கும், இன்னும் வரவில்லை, வீடுகள்தான் வருகின்றன, கடைகள்தான் வருகின்றன, வாங்க வாங்க என்று. வரும். காற்று மாறுகிறது. ஈரமாக. சத்தமும்.

சக்கரத்தின் சத்தம் மாறிவிட்டது. மண்மேல் போகிற வண்டியின் சத்தத்துக்கு ஓர் அடி உண்டு, இதற்கு அடி இல்லை. வெறுமையின்மேல் ஓடுகிறது. வாய்க்கால் பாலமாக இருந்தால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். இது முடியவில்லை. முடியவே இல்லை. பாசி வாசனை, ஈரத் துணி வாசனை, சன்னலுக்கு வெளியே திடீரென்று எழுத்தே இல்லாத ஒரு பெரிய வெளிச்சம். ஆறு. கவுந்தப்பாடிக்குப் போகிற வழியில் ஆறு கிடையாது. பவானி. பவானிப் பாலம். அவர் சாம்பலை இங்கே கூடுதுறையில்தான் கரைத்தோம், நான் தண்ணீரில் கால் வைத்து நின்றேன், நித்திலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் வழுக்கிவிடுவேன் என்று. இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. யோசி. எங்கே தவறினேன். மஞ்சள், சாய்வு, தடிப்பு, எல்லாம் சரியாக இருந்ததே. தலையைத் திருப்பி வண்டியின் உட்புறத்தைப் பார்க்கிறேன், ஓட்டுநரின் தலைக்கு மேலும் அதே மஞ்சள், வண்டியின் பெயர்தான், இப்போதுதான் அதைப் படிக்கிறேன், நடையைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பது போல ஒவ்வோர் எழுத்தாக. பூங்குயில் இல்லை. கார்மேகம். படிக்க முடிந்ததுதான். ஏறும்போதும் படித்திருக்க முடியும்.

"அம்மா நீங்க எங்கீங்க? பொறப்பட்டதுலருந்து கமுக்கமா உக்காந்திருக்கீங்க." நடத்துநர் வந்துவிட்டார். இளைத்த குரல், கேலிக்கு ஆசைப்படுகிற குரல்.

"பவானிங்க" என்றேன். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"அடேங்கப்பா, எறங்கற ஊரு வரைக்கும் ஓசியிலயே வந்துட்டீங்களே. பாத்தனா, புடிச்சுட்டேன்." சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"முன்னால எழுத்தப் பாத்து பூங்குயில்னு நெனச்சேனுங்க" என்றேன், ஏதோ வேடிக்கை போல.

"அதயேன் கேக்கறீங்க. ஆயுதபூசைக்கு எல்லா வண்டிக்கும் ஒரே கடையில ஸ்டிக்கர் போட்டதுங்க. மொதல்ல பூங்குயில்காரர் போட்டாரு. எழுத்து கும்முனு இருக்குது, எனக்கும் அதயே போடுன்னு எங்க ஓனரு, அப்பறம் அக்கட்டால நிக்கறவரு, எல்லாரும். முந்தாநேத்து எங்க டிரைவரே அவசரத்துல அடுத்த வண்டியில ஏறி உக்காந்துட்டாருங்க."

"உன்ற வாய மூடுடா" என்றார் ஓட்டுநர். முன்பக்கம் முழுக்கச் சிரித்தது. நானும்.

ஓட்டுநர் இறங்கி மாறிவிட்டார். அது சிரிப்பு. நான் ஆற்றைத் தாண்டிவிட்டேன்.

பவானி பேருந்து நிலையத்தில் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வண்டிகள் வரிசையாக, எல்லாம் முன்பக்கம் குனிந்து, மஞ்சள், சிவப்பு, பச்சை, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல. பயப்பட ஒன்றுமில்லை. இங்கிருந்தும் கவுந்தப்பாடிக்கு வண்டி உண்டு. இருட்டுவதற்குள் போய்விடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மடியில் ஒரு மூட்டை உரச, பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். வெற்றிலை வாசனை. "ஏனுங்கம்மிணி, இப்ப வந்து நிக்குதே, அது அந்தியூருங்களா? படிச்சுச் சொல்லுங்க, எனக்கு எழுத்து தெரியாதுங்க." தலையைத் திருப்பினேன். கண்ணாடி நிறையப் பெயர், பருத்து, பச்சையாக. அதற்குக் கீழே ஊர்ப்பலகையில் மெல்லிய எழுத்து, சாம்பல். "பேரு தெரியுதுங்க" என்றேன். "ஊரு தெரியலீங்க." "பேர வெச்சுட்டு நா என்ன பண்ணட்டும்? ஊருதானுங்க வேணும். கண்ணாடியப் போட்டுப் பாருங்க." "போட்டுத்தானுங்க இருக்கறேன்." அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், "இது அந்தியூரா சாமி?" என்று நிலையமே கேட்கும்படி கேட்டாள். ஏறுங்காத்தா என்று ஒரு குரல். ஏறிவிட்டாள். அவ்வளவுதான். அவ்வளவு சுலபம். நானும் கேட்கலாம். தொண்டையில் சொல் தயாராக இருக்கிறது, கவுந்தப்பாடிங்களா. எழுந்திரு. கை பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை விடச் சொல்கிறேன், விட மாட்டேன் என்கிறது. ஆற்றின் சத்தம் இன்னும் காலடியில் ஓடுவது போல இருக்கிறது. ஏறி வந்த வண்டி பவானி. அடுத்த வண்டி எங்கே போகும், மேட்டூரா, சேலமா. ஒரு நிமிஷம் உட்காருகிறேன். ஒரு நிமிஷம்.

பைக்குள் போன் அதிர்கிறது.

"வூட்டுக்கு வந்துட்டியாம்மா?" நித்திலா. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், அவளும் இந்தப் பந்தயத்தில் நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

"வந்துட்டேன்" என்றேன். "இப்பத்தான். டீ வெக்கலாம்னு..."

என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் அடிவயிற்றிலிருந்து கூவினார், "மேட்டூர் மேட்டூர் மேட்டூர், ஏறுங்க ஏறுங்க." ஒரு ஹாரன், நீளமாக.

அவள் அலுவலகத்தில் யாரோ சிரிப்பது கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம், பிறகு அவள் மட்டும். "டிவியாம்மா?" என்று கேட்டாள். மெதுவாக. "டிவி சத்தமா வெச்சிருக்கியா?"

அவளுக்குத் தெரியும். எனக்கு நன்றாகக் கேட்டது, அந்தக் கேள்வியின் நான்கு ஓரங்களையும் அவள் தேய்த்து உருட்டி, முனையில்லாமல், எனக்கு வலிக்காமல், குனிந்து நீட்டுகிறாள். ஆமாம் என்றால் போதும். ஆமாம் என்றால் நாளைக்கும் கேட்பாள், டிவியாம்மா என்று, நாளை மறுநாளும், நானும் ஆமாம் என்பேன், அவளும் நானும் இனிமேல் எதைச் சொன்னாலும் இப்படியே இனிப்பாக, சாய்வாக, ஒருவர்மேல் ஒருவர் படாமல் சொல்லிக்கொண்டிருப்போம். என்றைக்காவது நான் ஏதாவது ஓர் ஊரில் ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பேன், அப்போதும் அவள் நம்புவது போலவே பேசுவாள். சிவகாமி வீட்டு ரசம் இந்நேரம் கொதித்திருக்கும். அதை நினைக்காதே. ஆமாம் என்று சொல்.

"இல்லே" என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பவானி பஸ் ஸ்டாண்டு, நித்திலா. வண்டி மாறிட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்துல ஆரு இருக்காங்க?"

"ஆருமில்லே."

"தண்ணி இருக்குதா?"

"இருக்குது."

"செரி. உக்காந்த எடத்துலயே இரு. பெரியப்பா பையன வரச் சொல்றேன், நா ராத்திரிக்குள்ள வந்தர்றேன். எந்த வண்டியிலயும் ஏறாதம்மா. நா வர்ற வரைக்கும் எதுலயும் ஏறாத."

"ஏறலே" என்றேன்.